வலி மாத்திரையும் இரும்புச் சத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமா?

பெருந்துறைப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்முச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, 68 வயது, முழங்கால் தேய்மானம். அசெக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை 100 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடுகிறார். ரத்தம் குறைவென்று இரும்பு மாத்திரை, எலும்புக்குக் கால்சியம் மாத்திரை. குடிப்பது போர் தண்ணி, அதுவும் ராத்திரியே செம்புக் குடத்தில் ஊற்றி வைத்தது. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்துகள் உலோக அயனிகளோடு (மின்னூட்டம் கொண்ட உலோக அணுக்களோடு) பிணையும் என்று படித்திருக்கிறீர்கள். மாத்திரையை உடைத்துப் போர் தண்ணியில் போட்டுப் பார்த்தால் வெள்ளையாகக் கலங்குகிறது. அப்படியானால் மருந்தும் வீண், சத்தும் வீணா, எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. பிணையுமா என்பது ஒன்று. பிணைந்தால் உடம்புக்குள் ஏதாவது மாறுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் ஆமாம். இரண்டாவதற்கு, அம்முச்சி சாப்பிடும் இந்த மாத்திரையைப் பொறுத்தவரை, கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் இரும்பைப் பற்றிய உங்கள் கவலை வீணல்ல. வலி மாத்திரையால் உடம்பில் இரும்பு குறையலாம். அது குறையும் வழிதான் நீங்கள் நினைத்தது அல்ல.

முதலில் அந்தக் கலங்கல். அசெக்ளோஃபெனாக் தண்ணீரில் கரையவே கரையாத வகை. மாத்திரைக்கு உருக்கொடுக்கச் சேர்க்கும் செல்லுலோஸ் போன்ற நிரப்பிகளும் கரையாது. அதே மாத்திரையை நல்ல ஆத்துத் தண்ணியில் போட்டாலும் வெள்ளையாகத்தான் நிற்கும். ஆகவே அந்தச் சோதனை உலோகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

உலோகம் எங்கே பிடிக்கிறது என்று பார்ப்போம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென், நாப்ராக்சென், இண்டோமெத்தசின், மெஃபனாமிக் அமிலம் எல்லாவற்றுக்கும் ஒரு ஓரத்தில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி உண்டு. அதன் பி.கே.ஏ., அதாவது அதிலுள்ள ஹைட்ரஜன் பாதி கழன்று நிற்கும் பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்), பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில். இரைப்பையில் பி.எச். 1 முதல் 3 வரை இருக்கும்போது அந்த ஓரத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும், உலோகத்துக்கு அங்கே இடமில்லை. குடலுக்கு இறங்கி பி.எச். 6-ஐத் தாண்டியதும் ஹைட்ரஜன் கழன்று எதிர்மின்னூட்டம் வரும், அப்போது அதற்குக் கார்பாக்சிலேட் என்று பெயர். கால்சியம், மக்னீசியம், இரும்பு, துத்தநாகம், செம்பு எதுவும் அங்கே வந்து ஒட்டலாம். நம் ஊரில் இதைத் தினமும் பார்க்கிறோம். போர் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய் வாளி ஓரத்தில் படிகிறதே, அது சோப்பின் கார்பாக்சிலேட் முனையைக் கால்சியமும் மக்னீசியமும் பிடித்ததால் வந்தது. வேதியியல் கணக்கில் வலி மாத்திரை அந்தச் சோப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். சோப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு கார்பன் நீளத்துக்கு எண்ணெய் வால் இருப்பதால் அது திரண்டு ஒதுங்குகிறது. மருந்துக்கு அந்த வால் இல்லை.

பிடி எவ்வளவு இறுக்கம் என்பதுதான் முக்கியம். ஒற்றைக் கார்பாக்சிலேட் கால்சியத்தைப் பிடிக்கும் வலுவை மடக்கைக் கணக்கில் சொன்னால் 1-ஐ ஒட்டி, பல சமயம் அதற்கும் கீழே. செம்போடு 2-ஐ ஒட்டி. திருப்பூர் சாயப்பட்டறைகளில் உப்புத் தண்ணியின் கால்சியத்தை அடக்க சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் ஊற்றுவார்கள். அந்த வகையில் பேர்போன இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிக்கும் வலு 10.7. மடக்கையில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு. அப்படிப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே பல நூறு கோடி மடங்கு வித்தியாசம். ஒன்று கையைத் தொட்டுவிட்டுப் போவது, மற்றது கிடுக்கியால் கவ்வுவது. அந்தத் தொடுதலும் நிலைப்பதில்லை. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஒட்டும், விலகும். ஒட்டாமல் இருக்கும் மருந்தைக் குடல் உறிஞ்ச உறிஞ்ச, ஒட்டியிருப்பதும் கழன்று பின்னால் வந்துவிடும்.

எண்ணிக்கையிலும் பார்த்துவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை பொறுக்கலாம். உங்கள் போர் தண்ணி அந்த 600-ல் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 200 மில்லி டம்ளரில் அதிகபட்சம் 48 மில்லிகிராம் கால்சியம். அந்தச் செறிவில், பிடியின் வலு 1 என்றே தாராளமாகக் கணக்கிட்டாலும், மருந்தின் நூறு மூலக்கூறில் ஐந்தாறுதான் எந்த நேரத்திலும் கால்சியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். செம்புக் குடம் இன்னும் சாதாரணம். இரவெல்லாம் வைத்த தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் செம்பு இறங்கியதாகக் கொண்டால், ஒரு டம்ளருக்கு 0.2 மில்லிகிராம். அவ்வளவு செம்பும் ஆளுக்கு இரண்டு மருந்து மூலக்கூறைப் பிடித்துக்கொண்டாலும், 100 மில்லிகிராம் மாத்திரையில் நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான் ஆகும். குடத்தில் புளித்த மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்காதீர்கள், அது வேறு காரணம்: புளிப்பு செம்பை நிறைய இழுத்துவிடும், வாந்தி வரும்.

கால்சியம் மாத்திரை என்றால் 500 மில்லிகிராம் ஒரே நேரத்தில் இறங்குகிறது, தண்ணீரில் இருப்பதுபோலப் பத்து மடங்கு. அதற்கும் பயப்பட வேண்டாம் என்பதற்கு இந்த மருந்துக் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. ஃபெனோப்ரோஃபென் கால்சியம் உப்பாகவே மாத்திரையாக வந்தது. சாலிசிலேட் மக்னீசியம் உப்பாக விற்பனையில் இருந்தது. கால்சியமும் மக்னீசியமும் இந்த மருந்துகளை முடக்கிவிடும் என்றால் இப்படி ஒரு மாத்திரையை யாரும் செய்திருக்க முடியாது. மெஃபனாமிக் அமிலத்தோடு 1.7 கிராம் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கொடுத்தபோது ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு குறையவில்லை, 125 சதவீதம் கூடியது. மொத்த உறிஞ்சலும் 36 சதவீதம் கூடியது. இரைப்பைப் புளிப்பு தணிந்ததும் கரையாத அமிலம் கரைந்து சீக்கிரம் உள்ளே போய்விட்டது. அலுமினியம் ஹைட்ராக்சைடு மட்டும் கொஞ்சம் வேறு. அந்தக் கூழ்மம் மருந்தைத் தன்மேல் படியவைத்து, இரைப்பை காலியாவதையும் மந்தமாக்கும். அதனால் இண்டோமெத்தசின் போன்றவற்றின் அளவு ஓரளவு குறையும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிற, வெள்ளை நிற திரவ மருந்துகளில் பலவற்றில் இது உண்டு. டைக்ளோஃபெனாக் மாத்திரை குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்டது. புளிப்பைத் தணிக்கும் மருந்தை உடன் குடித்தால் பூச்சு இரைப்பையிலேயே கரைந்துவிடும். இந்த இரண்டுக்காக அந்தத் திரவத்துக்கும் வலி மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் விடுவது நல்லது.

எல்லா வலி மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. ஒரு கையால் தொடுவது அசெக்ளோஃபெனாக் என்றால், இரண்டு கையால் பிடிப்பவையும் உண்டு. சாலிசிலிக் அமிலம் அதற்கு நல்ல உதாரணம். அதில் கார்பாக்சிலேட்டுக்குப் பக்கத்திலேயே ஃபீனாலின் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இரும்பை நண்டுக் கொடுக்குபோல் கவ்வும். இதைத்தான் கொடுக்கிணைப்பு என்கிறோம். கல்லூரி ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை சாலிசிலிக் அமிலத்தைக் கரைத்து, இரும்பு உப்பான ஃபெரிக் குளோரைடின் மஞ்சள் கரைசலில் இரண்டு சொட்டு விட்டால், குழாய் அந்த நொடியே நாவல்பழச் சாறு நிறத்துக்கு மாறும். ஆஸ்பிரினைப் புதிதாக எடுத்துப் போட்டால் அந்த நிறம் வராது, ஏனென்றால் ஃபீனால் கையை அசிட்டைல் மூடியிருக்கிறது. ஈரக்காற்று பட்டு, டப்பாவைத் திறந்தால் காடி வாசம் அடிக்கும் பழைய ஆஸ்பிரினில் மட்டும் ஊதா நிறம் வரும். மூடி கழன்றுவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பைராக்சிகாம், மெலாக்சிகாம் வகைக்குக் கார்பாக்சிலிக் முனையே கிடையாது. பைராக்சிகாம் பிரிடின் நைட்ரஜனாலும் அமைடு ஆக்சிஜனாலும் செம்பைப் பிடிப்பது படிக அமைப்பில் தெரிந்த விஷயம். பாராசிட்டமால், செலிகாக்சிப் இரண்டுக்கும் இந்தப் பேச்சே வேண்டாம், பிடிக்கத் தோதான கை அவற்றில் இல்லை.

நீங்கள் படித்தது பெரும்பாலும் செம்பு இணைவுகளை, அதாவது மருந்தும் செம்பும் பிணைந்த பொருள்களை, பற்றியதாக இருக்கும். இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகளை மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று வரிசையாக எடுத்தால் பிடி ஏறிக்கொண்டே போய் செம்பில் உச்சம் தொட்டு, துத்தநாகத்தில் இறங்கும். இர்விங், வில்லியம்ஸ் என்ற இருவர் 1953-ல் விரிவாக எழுதிய வரிசை இது. அதனால் ஆய்வகத்தில் செம்போடு செய்த இணைவுகள்தான் அதிகம். இண்டோமெத்தசினோடு சேரும்போது இரண்டு செம்பு அயனிகள் நடுவில் அருகருகே நிற்க, நான்கு மருந்து மூலக்கூறுகள் துடுப்புச் சக்கரம் மாதிரி சுற்றி நின்று பாலம் போடும். பார்க்கப் பச்சை நிறம். ஆஸ்திரேலியாவில் குதிரைக்கும் நாய்க்கும் இதை மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். ஜான் சோரன்சன் என்பவர் 1976-ல், இந்த மருந்துகள் உடம்பில் செம்போடு சேர்ந்த பிறகுதான் உண்மையில் வேலை செய்கின்றன என்று ஒரு கருத்தை முன்வைத்தார். விலங்குகளில் செம்பு இணைவு, தனி மருந்தைவிட இரைப்பையைக் குறைவாகப் புண்ணாக்கியது உண்மை. மனிதருக்கு இது நிரூபணமாகவில்லை. தடையும் வெளிப்படை: இரைப்பை அமிலத்தில் அந்தச் சக்கரம் கழன்று செம்பு தனி, மருந்து தனி ஆகிவிடும். தப்பி ரத்தத்துக்குப் போனாலும், அங்கே ஆல்புமின் புரதம் செம்பை 12, 13 என்ற வலுவில் பிடிக்கக் காத்திருக்கிறது. மருந்தின் 2 அதன் முன்னால் நிற்காது. மருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அதே ஆல்புமினில் வேறொரு மடிப்பில் ஒட்டிக்கிடக்கும். செம்புக் காப்பு போட்டால் மூட்டுவலி போகும் என்பதற்கும் இதை ஆதாரமாகச் சொல்வார்கள். முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் யார்க் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2013-ல் வெளியிட்டதில் காப்பால் பயன் தெரியவில்லை.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் அழகாகப் படும். இந்த மருந்துகள் தடுக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் நடுவிலேயே ஹீம் இரும்பு (ஹீமோகுளோபினில் இருப்பதுபோல வளையத்துக்குள் பிடிபட்ட இரும்பு) இருக்கிறது. அந்த இரும்பை வலி மாத்திரை தொடுவதில்லை. நொதிக்குள் நுழையும் குழாயில் இருக்கும் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைத்தான் இப்யூபுரோஃபென் போன்றவற்றின் கார்பாக்சிலேட் பிடித்து வழியை அடைக்கிறது. உலோகம் பிடிக்க வரும் அதே கைதான், ஆனால் உண்மையான வேலையை அது உலோகமில்லாமல் செய்கிறது.

இனி அம்முச்சியின் இரும்புக்கு வருவோம். அந்த நொதி இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் தயாரிக்கிறது. ஜான் வேன் 1971-ல் ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தத் தயாரிப்பை நிறுத்துவதைக் காட்டினார். 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. காப்பு போனால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் சிறுசிறு புண் வந்து ரத்தம் கசியும். ஹீமோகுளோபின் 10 கிராம் இருப்பவருக்கு 1 மில்லி ரத்தம் போனால் சுமார் 0.34 மில்லிகிராம் இரும்பு போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி கசிந்தால் 3.4 மில்லிகிராம். நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து குடல் எடுத்துக்கொள்வது நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். வரவை மிஞ்சிய செலவு. 10 மில்லி கசிவு மலத்தின் நிறத்தில் தெரியாது, வலியும் இருக்காது. ஆறு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால், மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவா என்று யோசிக்கும் முன் இந்தக் கசிவைத்தான் தேட வேண்டும்.

50 மில்லிக்கு மேல் போனால் மலம் கறுக்கும். சங்கடம் என்னவென்றால் இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். பிரித்துப் பார்க்க வழி உண்டு. மாத்திரையால் வரும் கறுப்பு கரும்பச்சை சாயலில், கட்டியாக, வழக்கமான வாசத்தோடு இருக்கும். ஒரு மக் தண்ணீரில் போய்விடும். ரத்தத்தால் வரும் கறுப்பு புதுத் தார் போலப் பளபளப்பாக, பசையாக, பீங்கானில் ஒட்டிக்கொண்டு நான்கைந்து மக் ஊற்றினாலும் போகாது. நாற்றம் தனியாகத் தெரியும். அப்படி இருந்தாலோ, காப்பித்தூள் மண்டி போல வாந்தி வந்தாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ, வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உண்மையில் உலோகத்தைக் கவ்வி வீணாகும் மாத்திரைகள் வேறு இருக்கின்றன. அம்முச்சியின் மருந்து டப்பாவில் அவை உண்டா என்று பாருங்கள். தைராய்டுக்கான தைராக்சின் இருந்தால் விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுத்து, இரும்பையும் கால்சியத்தையும் நான்கு மணி நேரம் தள்ளிவையுங்கள். சிப்ரோஃபிளாக்சசின் எழுதிக் கொடுத்தால் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். எலும்புக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் என்றால், அதற்கு மட்டும் உங்கள் போர் தண்ணி ஆகாது. ஒரு பெரிய டம்ளர் நல்ல தண்ணியில் வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அது உணவுக்குழாயையும் இரைப்பையையும் அரிக்கும் மருந்து, வலி மாத்திரையோடு சேரும்போது இன்னும் கவனம். அயச்செந்தூரம் சாப்பிடுகிறார் என்றால் அதையும் இரும்பென்றே கணக்கில் எடுங்கள்.

இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று கெடுக்கும், அவற்றுக்குள் இரண்டு மணி நேரமாவது வேண்டும். டீயும் அப்படித்தான். நெல்லிக்காயை இரும்பு அருவாமனையில் அரிந்தால் ஓரம் கறுக்கிறதே, அந்த டானின் வகைதான் டீயிலும் இருக்கிறது. இரும்பை அது பிடிக்கும் பிடிக்கு முன்னால் வலி மாத்திரையின் பிடி ஒன்றுமே இல்லை. ராகிக் களியில் உள்ள ஃபைட்டேட்டும் இரும்பை விடாது. ஆகவே காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டு வலி மாத்திரை, பதினொன்றுக்கு எலுமிச்சைச் சாறோடு இரும்பு, பிறகு ஒன்றரை இரண்டு மணி நேரம் டீ வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவு சாப்பிட்டபின் இரண்டாவது வலி மாத்திரை. இரும்பையும் வலி மாத்திரையையும் நான் இங்கே தள்ளிவைத்தது பிணைப்புக்குப் பயந்து அல்ல, இரண்டும் இரைப்பையை உறுத்துபவை என்பதால். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றுப் புளிப்பு வேண்டும், அதனால்தான் சாப்பாட்டோடு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை தினமும் போனால் புளிப்பு குறைந்து, இரும்பும் அந்தக் கால்சியமும் சரியாக ஏறாது. சிட்ரேட் வகைக் கால்சியம் அப்போது மேல். ஆனால் அதற்காகக் கேஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த வயதில் வலி மாத்திரையிலிருந்து இரைப்பையைக் காப்பது அதுதான்.

இன்னொரு உலோகத்தை யாரும் நினைப்பதில்லை, பொட்டாசியம். இந்த வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, சோடியத்தைத் தேக்கும், பொட்டாசியத்தை ஏற்றும். எனாலாப்ரில், லோசார்டன் வகை பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் ஆபத்து அதிகம். கால் வீங்கினால், சிறுநீர் குறைந்தால், அல்லது பேதி, வாந்தியில் உடம்பு வற்றியிருந்தால் அன்று வலி மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து வேதியியல் தெரிந்தவன் என்ற அளவில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அம்முச்சியைப் பார்த்துச் சோதிக்கும் மருத்துவர் செய்ய வேண்டியது. அடுத்த முறை போகும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் நான்கும் பார்க்கச் சொல்லுங்கள். தினம் இரண்டு வேளை கட்டாயமா, முழங்காலுக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதாதா என்றும் கேளுங்கள். கேஸ் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அவருடைய சீட்டில் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பெயரோடு எழுதுங்கள், மேலே சொன்ன நேரக்கணக்கு கொஞ்சம் மாறும்.